7. பிரஷர் மாத்திரை: நிறுத்தும் முன், கூட்டும் முன்

"பிரஷர் நார்மலுக்கு வந்துடுச்சு, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்."

ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் சொல்லும் வார்த்தைகளில் என்னை அதிகம் பதற வைப்பது இதுதான். சொல்பவர் சந்தோஷமாகச் சொல்வார். வீட்டில் உள்ளவர்களும் நல்ல செய்தி என்றே கேட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்த 130/80 எங்கிருந்து வந்தது? நேற்றும் முந்தாநாளும் விழுங்கிய மாத்திரையிலிருந்து வந்தது. ஆன்டிபயாட்டிக் என்றால் கிருமியைக் கொன்றதும் அதன் வேலை முடிந்துவிடும். பிரஷர் மாத்திரைக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. ரத்தத்தில் இருக்கும்வரை வேலை செய்யும், தீர்ந்ததும் அழுத்தம் பழைய இடத்துக்கே போகும். சிலருக்கு ஓரிரு நாளில் ஏறிவிடும், சிலருக்குச் சில வாரம் பிடிக்கும். ஏறியது தெரியவே தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: ரத்த அழுத்தத்தை உடம்பு உணர்ந்து சொல்லாது. 180 இருக்கும் ஒருவர் வயலில் வேலை செய்துகொண்டிருப்பார். 120 இருக்கும் ஒருவர் பிடரி கனக்கிறது என்று படுத்திருப்பார். கோபம் வந்த அன்றைக்கும் தலை வலித்த அன்றைக்கும் மட்டும் "பிரஷர் ஏறிடுச்சு" என்று ஒரு மாத்திரை போடுவதும், மனசு லேசாக இருக்கும் நாட்களில் விட்டுவிடுவதும் நம் வீடுகளில் சாதாரணம். அப்படிச் சாப்பிடும் மாத்திரையால் பெரிய பயன் இல்லை. மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் ரத்தக்குழாய்கள் வருடக்கணக்கில் தாங்கும் அழுத்தத்தைக் குறைக்கத்தான் இந்த மருந்து. ஒருநாள் தலைவலிக்கு அல்ல.

இந்த மருந்துகள் இல்லாத காலம் ஒன்றும் வெகு தூரத்தில் இல்லை. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். மயங்கி விழுந்த பிறகு அளந்த அழுத்தம் 300/190. உலகின் மிகப் பலம் வாய்ந்த மனிதருக்கு அன்று கிடைத்த சிகிச்சை ஓய்வு, உப்புக் குறைப்பு, எடைக் குறைப்பு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ். அவ்வளவுதான். இன்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் அம்லோடிபின் மாத்திரை அன்று வெள்ளை மாளிகையில் கிடையாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இவ்வளவு அருகில் வந்த மருந்தைச் சரியாகச் சாப்பிடத் தெரியாமல் பக்கவாதத்தில் விழுவதைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

அப்படியென்றால் ஆயுள் முழுவதும் இதே அளவுதானா என்று கேட்பீர்கள். கட்டாயம் இல்லை. எடை குறைந்து, உப்பு குறைந்து, குடி நின்று, தினமும் நடந்து, அழுத்தம் பல வாரங்களாகக் குறைவாகவே நின்றால் மருத்துவரே அளவைக் குறைப்பார். சிலருக்கு ஒரு மாத்திரையை முழுவதும் எடுத்தும்விடுவார். அது அளந்து, குறைத்து, திரும்ப அளந்து செய்யும் வேலை. அட்டை தீர்ந்துபோன நாளில் தானாக நடக்கக் கூடாது.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்து. உங்களுக்குத் தெரிய வேண்டியது அந்தச் சிறிய எழுத்து. படிக்க முடியவில்லை என்றால் பேரப்பிள்ளையிடம் கொடுத்து ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எப்போதிலிருந்து என்ற நான்கும் அதில் இருந்தால் போதும்.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்லோடிபின் 5 வாங்கிச் சாப்பிடும் ஒரு அம்மா, மகன் வீட்டுக்குச் சென்னை வருகிறார். அங்கே ஒரு தனியார் மருத்துவரைப் பார்க்கிறார். பழைய சீட்டு கையில் இல்லை. அவர் டெல்மா-ஏ.எம். எழுதுகிறார். அதில் டெல்மிசார்டனோடு அம்லோடிபினும் சேர்ந்தே இருக்கிறது. நிறம் வேறு, பெயர் வேறு, ஆகவே இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து அந்த அம்மா இரண்டையும் சாப்பிடுகிறார். பத்து நாளில் கால் இரண்டும் வீங்கி, எழுந்தால் கிறுகிறுக்கிறது. இங்கே யாரும் தவறான மருந்து எழுதவில்லை. ஒரே மருந்து இரண்டு பெயரில் வயிற்றுக்குள் போய்விட்டது. பெயருக்குப் பின்னால் ஏ.எம்., எச்., சி.டி., ஏ.டி., பீட்டா என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது கூட்டு மாத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே என்னென்ன என்று மெடிக்கலில் கேட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. டெல்மா-எச். சாப்பிடுபவருக்கு அது இல்லை என்று வெறும் டெல்மா கொடுத்தால், அதில் சேர்ந்திருந்த நீர் மாத்திரை அன்றோடு நின்றுபோகும்.

மருந்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும்.

'டிபின்' என்று முடிபவை அம்லோடிபின், சில்னிடிபின், நிஃபெடிபின். இவை ரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்துகின்றன. அம்லோடிபினில் அடிக்கடி வரும் தொல்லை கால் வீக்கம். சாயங்காலமானால் கணுக்காலில் செருப்பு வார் பதிந்து நிற்கும். 10 மில்லிகிராமில் இது கூடுதல். வீக்கத்தைக் கண்டதும் "கிட்னி போயிடுச்சோ" என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. அது ரத்தக்குழாய் தளர்ந்து நீர் திசுவுக்குள் கசிவதால் வருவது, அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ வடியும். கூடவே டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்த்தாலும் குறைவதுண்டு. ஆனாலும் ஒரு கால் மட்டும் வீங்கினால், முகமும் வீங்கினால், மூச்சு வாங்கினால் அது வேறு நோயாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். ஈறு தடித்து வளர்வதும் இந்தக் குடும்பத்தின் பக்கவிளைவுதான். அதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

'சார்டன்' என்று முடிபவை டெல்மிசார்டன், லோசார்டன், ஓல்மிசார்டன். 'ப்ரில்' என்று முடிபவை எனலாப்ரில், ராமிப்ரில். இரண்டும் ஒரே பாதையை வெவ்வேறு இடத்தில் தடுப்பவை. இந்தப் 'ப்ரில்' மருந்துகளுக்கு மூலம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷம். அது கடித்தவர்களின் அழுத்தம் ஏன் விழுகிறது என்று ஆராய்ந்த பாதையில்தான் இவற்றில் முதலாவதான காப்டோப்ரில் பிறந்தது. 'ப்ரில்' சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சளி இருக்காது, இரவில் தொண்டையில் அரிப்பு மாதிரி இருக்கும். இருமல் மருந்தை எத்தனை பாட்டில் குடித்தாலும் போகாது. மருந்தை 'சார்டன்' வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். உதடோ நாக்கோ முகமோ திடீரென்று தடித்து வீங்கினால் அது இருமல் மாதிரி காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை. மருந்து தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட வரலாம். மூச்சை அடைக்கும் என்பதால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அந்த மருந்தை மறுபடி தொடாதீர்கள்.

இந்த இரண்டு வகையும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. அதனால் தொடங்கிய சில வாரங்களிலும், அளவு கூட்டும்போதும், பிறகு அவ்வப்போதும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். மருத்துவர் எழுத மறந்தால் நீங்களே கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கர்ப்பத்தில் இவை கூடவே கூடாது. வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். லேபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின் போன்றவை அந்தக் காலத்துக்கென்று இருக்கின்றன. தெரியாமல் சாப்பிட்டு நாள் தள்ளிப்போயிருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் இரண்டும் நீர் மாத்திரைகள். சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றுபவை. காலையில் சாப்பிட்டால் பகலில் நான்கு தடவை எழுந்து போவதோடு முடியும். இரவில் சாப்பிட்டால் தூக்கமும் கெடும், இருட்டில் பாத்ரூம் போய் வழுக்கி விழவும் நேரும். வயதானவர்களுக்கு, அதிலும் மெலிந்த பெண்களுக்கு, ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கிவிடுவதுண்டு. அசதி, தடுமாற்றம், குழப்பமான பேச்சு என்று மெதுவாகத் தொடங்கும். வீட்டில் "வயசாயிடுச்சு, அதான் உளறுறாங்க" என்று விட்டுவிடுவார்கள். நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர் திடீரென்று குழம்பினால் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கி வலிப்பதும் இதனால் வரலாம்.

கடைசியாக 'லால்' என்று முடிபவை: அட்டெனலால், மெட்டோப்ரலால், ப்ரோப்ரனலால். இதயத் துடிப்பை நிதானப்படுத்துபவை. ஆஸ்துமா இருந்தால் இவற்றைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இவை மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்தால் சர்க்கரையைப் பாருங்கள்.

அட்டெனலாலோ நீர் மாத்திரையோ சில ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் தளர்ச்சி தருவதுண்டு. இதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். மருத்துவருக்கு இது புதிய செய்தி அல்ல, மாற்று மருந்தும் இருக்கிறது. மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.

சட்டென்று நிறுத்தினால்

எல்லா மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக் கூடாதுதான். ஆனால் இரண்டு வகையில் ஆபத்து பல மடங்கு. 'லால்' வகையை ஒரே நாளில் விட்டால், அதுவரை அடங்கியிருந்த இதயம் படபடவென்று ஓடும். ஏற்கெனவே இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். இன்னொன்று குளோனிடின். அதை ஓரிரு வேளை விட்டாலே அழுத்தம் முன்பைவிட மேலே எகிறிவிடும். இவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அதனால் அட்டையில் கடைசி மாத்திரை தெரியும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஊருக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று கிளம்பும்போது திரும்பும் நாளைக் கணக்கிட்டு, மேலும் சில நாளுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். காசு கட்டுப்படி ஆகவில்லை என்பதும் நிறுத்துவதற்கு ஒரு பெரிய காரணம், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அதே மருந்து முதல்வர் மருந்தகத்திலும் ஜன் ஔஷதியிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கும். மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டு வாங்கினால் போதும்.

காலையா, இரவா?

இரவில் சாப்பிட்டால்தான் மாரடைப்பைத் தடுக்கும் என்று 2019இல் ஸ்பெயினிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்ததும் பலர் அவசர அவசரமாக நேரத்தை மாற்றினார்கள். பிறகு பிரிட்டனில் 21,104 பேரைக் காலையில் சாப்பிடுபவர்கள், இரவில் சாப்பிடுபவர்கள் என்று பிரித்துச் சராசரியாக ஐந்து வருடத்துக்கும் மேல் கவனித்தார்கள். டைம் என்ற அந்த ஆய்வின் முடிவு 2022இல் லான்செட் இதழில் வந்தது. மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறப்பிலோ இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே மறக்காமல் சாப்பிட முடிகிற நேரமே நல்ல நேரம். நீர் மாத்திரைக்குக் காலை, பிரசோசின் போன்றவற்றின் முதல் டோஸுக்குப் படுக்கப்போகும் நேரம் என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. பிரசோசினின் முதல் மாத்திரை அழுத்தத்தைச் சட்டென்று தள்ளி மயக்கிவிடக்கூடியது. அதைச் சாப்பிட்டதும் படுத்துவிட வேண்டும்.

ரமலான் நோன்பு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒருவேளை மாத்திரையை இஃப்தாருக்கோ சஹருக்கோ மாற்றிக்கொள்ள முடியும். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாதபோது நீர் மாத்திரை சிக்கல் தரும். நோன்பு தொடங்கச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் பேசி அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள்.

காலை மாத்திரை மறந்துபோய் மத்தியானம் ஞாபகம் வந்தால் அப்போதே சாப்பிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் போனது போனதுதான். அன்றைக்கு உள்ள ஒன்று மட்டும். நேற்றைக்கும் சேர்த்து இரண்டு விழுங்கினால் அழுத்தம் சரிந்து, கீழே விழுந்து எலும்பு முறியலாம். சாப்பிட்டோமா இல்லையா என்றே சந்தேகம் வந்தால் பொதுவாக விட்டுவிடுவது நல்லது. அந்தச் சந்தேகம் வராமல் இருக்க அட்டையில் ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் கிழமையைப் பேனாவால் எழுதிவையுங்கள்.

ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவும் நல்லதுதான், ஆனால் டெல்மிசார்டனை அட்டையிலிருந்து பிதுக்கி அதில் போட்டுவைக்க வேண்டாம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும் மருந்து. சாப்பிடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். டப்பா வேண்டும் என்றால் அட்டையைக் குழி குழியாகக் கத்தரித்து, மூடிய நிலையிலேயே போடலாம். மெடிக்கலில் ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித்தான் தருவார்கள். காலாவதித் தேதி மறுபாதியில் போய்விடும். "தேதி இருக்கிற பக்கம் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குங்கள், இல்லை என்றால் தேதியைக் கவரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுப்பு மேடை, ஃபிரிட்ஜின் மேல்பக்கம், பாத்ரூம் அலமாரி எல்லாம் மாத்திரைக்கு ஆகாத இடங்கள்.

பெயரில் எக்ஸ்.எல்., எஸ்.ஆர்., ஈ.ஆர்., ரிடார்ட் என்று இருந்தால் அது நாள் முழுக்க மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை. தாத்தாவுக்கு விழுங்க முடியவில்லை என்று பொடித்து மோரில் கலக்கினால் ஒருநாள் மருந்து ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமம் என்றால் சொல்லி வேறு வடிவம் வாங்க வேண்டும்.

எதோடு சேரக் கூடாது

இந்தப் பட்டியலில் முதல் இடம் வலி மாத்திரைக்கு. மூட்டுவலி உள்ள வீடுகளில் டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இல்லாத வீடே இல்லை. சீட்டு இல்லாமல் "மூட்டு வலிக்கு ரெண்டு குடுங்க" என்றால் பல கடைகளில் கிடைத்துவிடும். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றுகின்றன. பிரஷர் மாத்திரை கீழே இழுக்கும்போது இவை மேலே தள்ளும். மருத்துவரோ அழுத்தம் குறையவில்லை என்று இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். இதைவிடப் பயப்பட வேண்டியது சிறுநீரகத்துக்கு. 'சார்டன்' அல்லது 'ப்ரில்' ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, அதன் மேல் வலி மாத்திரை ஒன்று என மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் ரத்தத்தைத் தள்ளும் விசை மூன்று பக்கமும் குறைந்து, நன்றாக இருந்த சிறுநீரகமே சில நாளில் செயலிழக்கலாம். வயதானவருக்கு, வெயில் காலத்தில், பேதியும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் நெருக்கம். வலிக்கு எப்போதாவது பாராசிட்டமால் பரவாயில்லை. அதையும் தினம் 4 கிராம் வீதம் தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தம் ஏறுகிறது என்று எடின்பரோவில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரை வகைகளில் சோடியம் அதிகம், அவை வேண்டாம். வலி தைலம், ஒத்தடம், பயிற்சி எல்லாம் முதலில், மாத்திரை பிறகு.

சளி, மூக்கடைப்புக்குத் தரும் மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். மூக்கின் ரத்தக்குழாயைச் சுருக்கும் அதே மருந்து உடம்பு முழுவதும் சுருக்கும். "எனக்குப் பிரஷர் இருக்கு" என்று சொல்லித்தான் சளி மாத்திரை வாங்க வேண்டும்.

அதிமதுரம் என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பாடகர்கள் தொண்டைக்கு மெல்வது, இருமலுக்குக் கஷாயத்தில் போடுவது, குழந்தைகளுக்கே கொடுப்பது. இதில் என்ன? அதில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். தினமும் எடுத்தால் அழுத்தம் ஏறும். நீர் மாத்திரையோடு சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கிக் கை கால் பலவீனமாகும், இதயத் துடிப்பே தடுமாறும். ஒருநாள் தொண்டைக் கட்டுக்கு ஒரு துண்டு மெல்வதைப் பற்றி நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் பொடியாகச் சாப்பிடுவது பிரஷர் உள்ளவருக்கு ஆகாது.

"மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது" என்ற பேச்சுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். உலகமே அந்த வேரை நோக்கித் திரும்பியது. அதிலிருந்து 1952இல் ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது உண்மையிலேயே வேலை செய்தது. கூடவே, பலரை ஆழ்ந்த மனச்சோர்விலும் தள்ளியது. அழுத்தத்தைக் குறைக்கும் சக்தி ஒரு பொருளுக்கு இருந்தால், வேறு இடங்களிலும் வேலை செய்யும் சக்தியும் அதற்கு இருக்கும். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு மருத்துவருக்கும் இரண்டும் தெரியட்டும்.

'லோ சோடியம்' உப்பு பலருக்கு நல்லதுதான். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. 'சார்டன்', 'ப்ரில்', ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் அதற்கு மாற வேண்டாம். தினம் இரண்டு மூன்று இளநீர் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர் எப்போதாவது ஒன்று குடிப்பதற்குத் தடை இல்லை.

வாந்தி, பேதி, அக்னி நட்சத்திரம்

தினமும் தவறாமல் சாப்பிடுங்கள் என்று இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விலக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாந்தியும் பேதியுமாகப் போய், தண்ணீர்கூட உள்ளே நிற்காத நாளில் உடம்பில் நீர் வற்றி அழுத்தம் தானாகவே இறங்கும். அன்றைக்கும் நீர் மாத்திரையையும் 'சார்டன்', 'ப்ரில்' வகையையும் போட்டால் சிறுநீரகம் தாங்காது. இந்த நாட்களில் எதை நிறுத்திவைக்க வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்பதை நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள். பேதி கண்ட அன்று போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாப்பாடும் தண்ணீரும் வழக்கத்துக்கு வந்த பிறகு மருந்தைத் திரும்பத் தொடங்க மறந்துபோவதும் உண்டு. அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மே மாத வெயிலில் வெளி வேலை செய்பவர்களுக்கு அழுத்தம் இறங்கி எழுந்ததும் கண் இருட்டலாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்து எழுந்திருங்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடும் பெரியவர்களுக்கு இது இன்னும் அவசியம். தொடர்ந்து தலைசுற்றினால் உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு மயக்க மருந்து தருபவரிடம் எல்லா அட்டையையும் காட்டுங்கள். சிலவற்றை முந்தின நாளே நிறுத்தச் சொல்வார், சிலவற்றை அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரோடு சாப்பிடச் சொல்வார். "வெறும் வயிறு" என்று சொன்னதை வைத்து நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டில் அளப்பது

மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேல்கையில் கட்டுவது நம்பகமானது. பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். காபி, பீடி, சிகரெட், நடை எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேஜைமேல், பட்டை இதய மட்டத்தில், சட்டைக்கு மேல் கட்டாமல். அளக்கும்போது பேச்சு வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையில் சாப்பாட்டுக்கு முன்பும் இப்படி எழுதிக் கொண்டுபோனால் அங்கே எடுக்கும் ஒற்றை அளவைவிட அது அதிகம் சொல்லும். வீட்டில் சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குப் பரவாயில்லை. உங்களுக்கென்று மருத்துவர் வேறு இலக்கு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. மாத்திரையை மாற்றிய மறுநாளே குறையவில்லை என்று கவலைப்படாதீர்கள். முழுப் பலன் தெரியப் பல மருந்துகளுக்குச் சில வாரம் ஆகும். மணிக்கொரு தடவை அளந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பதறுவதும் வேண்டாம். அந்தப் பதற்றமே எண்ணை ஏற்றும்.

180/120 என்று காட்டினால்

முதலில் உட்காருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே இருந்து, வேறு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் அன்றைய மாத்திரையை மறந்தீர்களா என்று பாருங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். கூடுதல் மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். நிஃபெடிபின் குழாய் மாத்திரையை ஓட்டை போட்டு நாக்குக்கு அடியில் விடும் வழக்கம் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே இருந்தது. அழுத்தம் மளமளவென்று சரிந்து, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தது தெரிந்து 1990களில் அதைக் கைவிட்டார்கள். இன்றும் யாராவது அந்த யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்தல், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், இதுவரை அனுபவிக்காத கடும் தலைவலி, குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண் எதுவாக இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். வாயில் மாத்திரையோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். முழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தொந்தரவு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், காலி அட்டைகள் உட்பட, அந்த நோட்டோடு ஒரு பையில் போட்டுக் கூடப் போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.